யாரும் கேட்கவில்லை என்றால் மூடலாம்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை க்ளெனுக்கு,

மாமா ஓஸ்வால்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அத்தை பவுலினும் நலம். டப்ளினில் நீங்களும் ஐரினும் குழந்தை ஆஞ்சலாவும் நலமாக இருக்க வேண்டும். போட்டோ, டிவி, ப்ரின்டர் எல்லாவற்றையும் கவனிக்க ஹாலில் டிவிக்குக் கீழே நீங்கள் வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டியும் வெளிப்பார்வைக்கு நலமே. பச்சை விளக்கு எரிகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அத்தையின் காதில் விழும். எனவே இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவதாக உத்தேசம்.

போன ஞாயிறு நீங்கள் பேசியபோது, "மாமா, வெளியே இருந்து யாராச்சும் கூப்பிடுவாங்களான்னு பெட்டியில எந்தெந்த ப்ரோக்ராம் காத்துக்கிட்டு இருக்குன்னு லிஸ்ட் எடுங்க. ஒவ்வொண்ணும் திறந்து கிடக்கிற கதவு. தேவையில்லாததை மூடிடலாம்" என்றீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே என் லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து கட்டளையைக் கொடுத்தேன். பதினொரு கதவுகள் இருந்தன. ஒன்று மட்டும் வெளியே யாரையும் எதிர்பார்க்காமல் தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தது. அதனால் ஆபத்தில்லை என்றீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி அப்படி இருந்தார். அவராலும் ஆபத்து எதுவும் வரவில்லை. "லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்று நீங்கள் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் முப்பத்துநான்கு வருடம் அரசாங்க வேலை பார்த்தவன் நான். மேலே அனுப்பிய பட்டியல் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பிரிவில் எந்தப் பதிவேடு தேவையில்லை என்று அறிய ஒரு முறை வைத்திருந்தோம். அதைப் பீரோவில் பூட்டிவிடுவோம். பதினைந்து நாளில் யாரும் வந்து கேட்காவிட்டால் அது தேவையில்லை. இப்படிப் பத்தொன்பது பதிவேடுகளை ஒழித்தோம். அவற்றில் ஒன்றை மட்டும் பல வருடம் கழித்து ஒருவர் பென்ஷனுக்காகக் கேட்டு வந்தார். அது நான்தான். மற்றபடி முறையில் குறை இல்லை.

திங்கட்கிழமை ப்ரின்டர் கதவை மூடினேன். ஒரு மணி நேரத்தில் மாடியில் குடியிருக்கும் லாயிட் இறங்கி வந்து, "அங்கிள், உங்க ப்ரின்டர் செத்துப்போச்சா?" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சே" என்றான். எட்டு மாதமாக நம் வீட்டில் மை ஏன் அப்படித் தீர்கிறது என்பது அன்று விளங்கியது. அதனால் அந்தக் கதவை மூடியபடியே விட்டேன். செவ்வாய்க்கிழமை டிவியில் படம் காட்டும் கதவை மூடினேன். அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னாங்க பண்ணீங்க இதை?" "ஒண்ணுமில்ல, யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்." "நான்தான் கேக்கறேன்." உடனே திறந்துவிட்டேன். புதன்கிழமை இன்னொன்றை மூடினேன். அன்று முழுவதும் யாரும் கேட்கவில்லை, எனவே அது தேவையில்லை என்று பென்சிலால் அடித்தேன். வியாழக்கிழமை இருபத்திரண்டாம் எண் கதவு. இந்த வீட்டில் அதை யாரும் சொல்லிக்கூடக் கேட்டதில்லை என்பதால் தயங்காமல் மூடினேன். மூடிய அதே நிமிடம் லேப்டாப் திரை அசையாமல் நின்றது. நான் உள்ளே போய் வந்துகொண்டிருந்த கதவே அதுதான் என்பது, வெளியே நின்று யோசித்தபோது தெரிந்தது. இப்போது என்னால் எதையும் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

இன்று காலை அத்தை, ஆஞ்சலாவின் வெள்ளை கவுன் போட்டோவைப் பார்க்க டீயோடு உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை மூடியது ஐரின் போட்டோ அனுப்பும் கதவு என்பது அப்போதுதான் விளங்கியது. நாளை மறுநாள் கோவிலில் குழந்தை முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வீடியோவும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். அதைப் பார்க்க அத்தை நம் அன்பிய ஜெபக் குழுவில் பதினாறு பேரை அழைத்துவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. "ஒரே பேத்தி. அவ நன்மை வாங்கறதை நேர்லதான் பாக்க முடியல, இதுவும் இல்லைன்னா நான் யார் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் முகத்திலும் இன்னும் விழிக்கவில்லை.

கோளாறு டப்ளினில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அத்தை கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பெட்டிக்குள் நுழைய ஒரு வழியும் சொல்லவும். நல்ல மாப்பிள்ளை என்று பங்கு முழுக்கப் பெயர் எடுத்தவர் நீங்கள். ஒரு சிறு பழியை அந்தப் பெயர் தாங்கும்.

ஐரினுக்கு என் ஆசீர். ஆஞ்சலாவின் நெற்றியில் தாத்தா சார்பாக ஒரு சிலுவை வரையவும்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
ச. ஓஸ்வால்ட்
கண்காணிப்பாளர் (ஓய்வு)

பின்குறிப்பு, சனிக்கிழமை மாலை: மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். நேற்று இரண்டு மணி நேரம் கரென்ட் போய் வந்தது. பெட்டி தானாக எழுந்துகொண்டு பதினொரு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டது. நான் செய்தது அவற்றை அப்போதைக்கு உட்கார வைத்தது மட்டும்தான் போலிருக்கிறது. வெள்ளை கவுன் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் காத்திருந்த லாயிட்டின் பன்னிரண்டு பக்கங்களும் ப்ரின்டரில் வந்து விழுந்தன. இன்று காலை அவற்றை எடுக்க வந்தவன், படம் பிடிப்பதற்காக நான் ப்ரின்டர் மேல் வைத்திருந்த இந்தக் கடிதத்தையும் சேர்த்து எடுத்து, "ஆன்ட்டி, இது உங்களுதா?" என்று அத்தையிடம் கொடுத்துவிட்டான். அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். "மாப்பிள்ளை மேலயா பழி போட்டீங்க? நாளைக்கு எல்லாரும் வந்து போற வரைக்கும் நீங்க ரூம்லயே இருங்க. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றாள்.

காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. தயவுசெய்து போன் செய்து ஒரு தடவை என்னைக் கேட்கவும்.