நலமான ஆள் எழுதிக்கொள்வது

நர்ஸ் மேல்படிப்புக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் ஆசிரியை அம்மா அவர்களுக்கு,

உங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா, வயதில் மூத்தவன், படிப்பில் இளையவன், வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நான் ரொம்ப ரொம்ப நலம். அந்த இரண்டாவது 'ரொம்ப' முக்கியம். காரணம் பின்னால் வரும்.

என்னை உங்களுக்குத் தெரியும். ரத்த அழுத்தப் பாடம் நடந்த அன்று என் மகளுக்குப் பின்னால் இடுப்பில் துண்டோடு குறுக்கே போனவன் நான்தான். எங்கள் வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் வரும், குளியலறைக் கதவும் அங்கேதான் திறக்கும், நான் என்ன செய்ய? இன்னொரு நாள் வருகை எடுத்தபோது 'உள்ளேன் அம்மா' என்று கட்டைக் குரலில் சொன்னதும் நான்தான். அவள் இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள், எழுப்ப மனசு வரவில்லை, நல்லவேளையாகக் கேமரா அணைந்திருந்தது. "தொண்டைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டீர்கள். "சளிங்க மேடம்" என்றேன். "வெந்நீர் குடிம்மா" என்றீர்கள். குடித்தேன். நன்றி.

என் எழுத்து மெதுவாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் கற்றுக்கொண்டேன். லிஃப்ட் ஓட்டிய காலம் முழுக்க எண்கள் மட்டும் தெரிந்தால் போதுமாக இருந்தது, பொத்தானில் எழுத்து கிடையாதே! அவளுக்கு உங்கள் வகுப்பு நடக்கும்போது மேஜையின் இந்தப் பக்கம் எனக்கு அவள் கொடுத்த பாடம் நடக்கும். நீங்கள் அவளைத் திட்டினால் அவள் என்னைத் திட்டுவாள், கணக்கு நேராகிவிடும். நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அவள் சீருடையில் குத்திக்கொள்ளும் பெயர்ப்பட்டையை. அத்தனை வருஷமாக அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவன், அதில் இருப்பது என் மகள் பெயர் என்று அன்றைக்குத்தான் படித்தேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதே பெயர்தான் இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நலமான ஆள் ஒருவரைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து, நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னீர்களே, அந்த நலமான ஆளாக அவள் தேர்ந்தெடுத்தது என்னை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடி வெட்டிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லி மிஷினை நிறுத்த வைத்தேன். "மாப்பிள்ளை ஆயிட்டீங்களே அண்ணே" என்று அந்த அம்மா கிண்டல் வேறு. போனை ஜன்னல் கம்பியில் கட்டினோம். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் "சூப்பரா இருக்கேன்" என்றேன்.

"அப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேமராவப் பாத்துச் சிரிக்காதீங்க."

"நலமா இருக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"இவ்வளவு சிரிக்க மாட்டான்."

கண், நாக்கு, கழுத்து எல்லாம் பாஸ். முதுகில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்து "மூச்ச இழுத்து விடுங்க" என்றாள். இழுத்து விட்டேன். கொஞ்சம் கீழே வைத்து மறுபடி இழுக்கச் சொன்னாள். இன்னும் கீழே வைத்தாள். கேமராவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்த வாய் நின்றுவிட்டது. சுற்றி வந்து என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். மாவில் அழுத்தினதுபோல அந்தக் குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு நாளாப்பா?"

"எது?"

"படியேறும்போது மூச்சு வாங்குறது."

"படி செங்குத்தா இருக்கும்மா."

"படி எப்பவும் அப்படித்தாம்பா இருக்கு." அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "எத்தன தலகாணி வச்சுப் படுக்கிறீங்க?"

"என்னோடது. அப்புறம்... அம்மாவோடதும்."

அவள் அம்மா போனதிலிருந்து அந்தத் தலையணையை யாரும் தொட்டதில்லை, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் நான் எடுத்தேன். மகள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். போன் அதுபாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வீடியோதான் உங்களுக்கு வந்து சேரவில்லை. கெடு தாண்டிவிட்டது என்று நீங்கள் கேட்டபோது கேமரா பழுது என்று சொல்லிவிட்டாள். பழுது கேமராவில் இல்லை அம்மா, ஆளில்தான்.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் வார்டுக்கே கூட்டிப்போனாள். பெரிய டாக்டர் பார்த்தார், இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார், மாத்திரை கொடுத்தார். நான் இப்போது குதிரை மாதிரி இருக்கிறேன். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "வேலை, படிப்பு, நீங்க. மூணையும் என்னால பாக்க முடியாதுப்பா. ஒண்ண விட்டுத்தான் ஆகணும்."

"என்ன விட்ரு."

"அப்பா!"

அடுத்த வாரம் உங்களிடம் படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லப்போகிறாள். அதைச் சொல்வதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சம்மதிக்காதீர்கள். கோபப்படுங்கள், அவள் உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவாள். நலமான ஆளைக் காட்டச் சொன்னீர்கள், கிடைத்த ஆள் சரியில்லை, சைபர் போடுவதானால் எனக்குப் போடுங்கள். நானே என்னிடம் மறைத்து வைத்திருந்ததை ஒரு குழலை வைத்துக் கண்டுபிடித்தாள். அன்று அவள் காதில் விழுந்தது நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே? எனக்காக அவள் படிப்பை நிறுத்த அவசியமே இல்லை. என் சமையலை நானே பார்த்துக்கொள்வேன், மாத்திரை எனக்கு ஞாபகம் இருக்கிறது, துண்டோடு குறுக்கே வர மாட்டேன் என்றும் உறுதி தருகிறேன்.

உங்கள் கண்ணும் குரலும் என்றும் நன்றாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரட்டும். உங்கள் வகுப்பில் இருக்கும் எல்லா நர்ஸ் பிள்ளைகளுக்கும் ஒரு நாளாவது வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கும் யோகம் வரட்டும்.

இப்படிக்கு,
துண்டோடு வந்தவன்

பின்குறிப்பு: கடிதத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முழுக்க நானே படித்தேன். அதில் சில திருத்தங்கள். எழுத்து மெதுவாக வருவதற்குக் காரணம் புதிதாகக் கற்றது என்று எழுதியிருக்கிறேன். இல்லை அம்மா. எழுத்து இப்போது வேகமாகத்தான் வருகிறது. மூச்சுதான் கூட வர மாட்டேன் என்கிறது. நாலு வரிக்கு ஒருமுறை சாய்ந்து உட்கார்ந்து எழுதினேன். மூன்று மாடி ஏறும் கதையும் அந்த இரண்டாவது 'ரொம்ப'வும் சும்மா. இதை அஞ்சலில் போடப் போகிறவர் தையல்காரம்மாதான். அன்று வார்டில் டாக்டர் என் மகளை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். உள்ளே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பை அவள் வார்டில் பிழைக்க மாட்டாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளைப் போக விடாதீர்கள் என்று கேட்பது மட்டும் போதாது. பாடத்தைக் கொஞ்சம் வேகமாக நடத்த முடியுமா அம்மா? பட்டத்தில் அவள் பெயரைப் போடுவார்களாமே. அதை நானே படிக்க வேண்டும்.