கனிமம் தின்ற பெண்

அரசாங்கப் படிவத்தில் உண்மையை எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அங்கன்வாடியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் அன்புக்கரசிக்கும் தெரியும். அன்றைக்கு என்னவோ அசதி, எழுதிவிட்டாள்.

படிவம் நல்ல காரியத்துக்குத்தான் வந்தது. ரத்தம் குறைந்த வளரிளம் பெண்களுக்கு வாரம் ஐந்து முட்டை என்று புதிதாக ஒரு திட்டம். கேட்டதுமே அன்புக்கரசியின் நினைப்புக்கு வந்தவள் இனியா. பதினான்கு வயசு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் மருந்துக்கும் சிவப்பு இருக்காது. ஸ்கூலில் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அவள் அம்மா வீரம்மாள் பொம்மைக் கம்பெனியில் அச்சில் மண் வார்க்கிறாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் இனியா, அங்கே காயும் வெள்ளை மண்ணைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் நாக்கு மண்ணைத் தேடும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். வீரம்மாளும் மாசமாக இருந்தபோது தின்றவள்தான். அவளுடைய எட்டு மாதக் கைக்குழந்தை நிலவன், அங்கன்வாடித் தராசில் இன்னும் ஐந்தரை கிலோவைத் தாண்டவில்லை.

ஆகவே ‘வழக்கமாக உண்ணும் உணவு’ என்ற கட்டத்தில் அன்புக்கரசி, ‘கஞ்சி, ஊறுகாய், செராமிக் மண்’ என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் ஊட்டச்சத்து ஒருங்கிணைப்பாளர் மாணிக்கவேல் கூப்பிட்டனுப்பினார். அவர் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர். அரிசியைத் தொடமாட்டார். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவர் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கும். மேசைமேல் ஊறவைத்த பாதாம் ஆறு இருந்தது.

“ஏம்மா, மண்ணு திங்கிதுன்னு எழுதியிருக்கீங்களே?”

“திங்கிதுங்க சார்.”

“உணவுன்னு போட்ட கட்டத்துல எழுதியிருக்கீங்க. அப்ப அது உணவு. தினம் மூணு வகை சாப்பிடுற புள்ளைக்குச் சத்து இல்லைன்னு நான் எப்படிச் சிபாரிசு பண்றது?”

“மண்ணு உணவு இல்லீங்க சார்.”

“உணவு இல்லைன்னா கனிமம். கனிமம் நம்ம ஆபீஸ்ல வராது.” ஒரு பாதாமைத் தோலுரித்தார். “எங்க வூட்ல மிஸஸ் இதே மாதிரி மண்ணைத்தான் ஆன்லைன்ல வரவழைச்சு மூஞ்சியில பூசுறாங்க. குளிர்ச்சியாம். உங்க புள்ளைக்குச் சும்மாவே கிடைக்குது.”

கோப்பு, மேல்நடவடிக்கைக்காகக் கனிமங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இரண்டு வாரத்தில் அங்கன்வாடி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. டேப்பு, தராசு, சாக்குப்பை சகிதமாக ஆய்வாளர் திருமால் இறங்கினார். கடமை தவறாத மனிதர். இனியாவை எதிரில் உட்காரவைத்து விசாரணையைத் தொடங்கினார்.

“தினம் எவ்வளவு எடுக்கிற?”

“ஒரு கைப்பிடிங்க சார்.”

“மெஷின் ஏதாச்சும் வெச்சு எடுக்கிறியா?”

“கையிலதாங்க.”

“எடுத்ததை எங்க வெச்சிருக்க?”

இனியா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ‘கிடங்கு: ஒன்று. திறந்து பார்க்க இயலவில்லை’ என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

“இதையெல்லாம் அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கணுமே.”

“தினம் காலைல ஒப்படைச்சிட்டுத்தான் சார் ஸ்கூலுக்குப் போவுது” என்றாள் அன்புக்கரசி.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இனியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. அன்புக்கரசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்தக் கோப்பு திரும்பி வருவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அப்புறம் அவள் பெறும் பிள்ளையையும் இதே தராசில் போட்டு, இதே ஐந்தரை கிலோவை எழுத வேண்டியதுதான்.

ஒரு மாதம் கழித்து ஆணை வந்தது. ‘மேற்படி நபர் உரிய அனுமதியின்றிக் கனிமம் உட்கொள்வதை உடனடியாக நிறுத்த வேண்டியது.’ அரசாங்கக் காகிதத்தைப் பின்பக்கமும் படிக்கிற கெட்ட பழக்கம் அன்புக்கரசிக்கு உண்டு. பின்பக்கத்தில், கனிமப் பணி நிறுத்தப்பட்டதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு உதவி வழங்கலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு விதி இருந்தது. அன்றைக்கே மனு எழுதினாள். இனியா என்கிற பெண் மண்ணையே நம்பி இருந்தவள், ஆணைக்குக் கட்டுப்பட்டு அதை விட்டுவிட்டாள், பாதிக்கப்பட்ட அவளுக்கு மறுவாழ்வாக வாரம் ஐந்து முட்டை வேண்டும்.

திருமால் இரண்டு தரம் படித்தார். “விதிப்படி சரியாத்தான் இருக்குது” என்று கையெழுத்துப் போட்டார்.

முட்டை வழங்கும் விழா சிறப்பாக நடந்தது. பேனர் கட்டினார்கள். மாணிக்கவேல் உள்பட ஏழு பேர் ஒரே முட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இனியாவின் மறுவாழ்வு தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து இமையை இழுத்துப் பார்த்தால் பழையபடி வெளுப்பு. அன்புக்கரசி நேரே வீரம்மாள் வீட்டுக்குப் போனாள்.

“முட்டை வருதா இல்லியா?”

“தவறாம வருதுக்கா.”

“அப்புறம் புள்ள ஏன் இப்படி இருக்குது?”

“அவங்கப்பா சூளையில நின்னு வேகுற மனுசன், அவருக்கு மூணு. மாமனாருக்கு ரெண்டு.”

“இனியாவுக்கு?”

“பொம்பளப் புள்ளதானக்கா. வேணான்னு அதுவே சொல்லிடுச்சு.”

அன்புக்கரசிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முட்டை யார் பெயருக்கு வந்தது, அதற்கு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாள், இன்றைக்கு ரத்தமில்லாத பெண் நாளைக்கு எப்படிப் பிள்ளை பெறுவாள் என்று கால் மணி நேரம் பேசினாள். வீரம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“நியாயந்தாங்க்கா” என்றாள். “இனியாகூடப் படிக்கிதே உங்க பொண்ணு பாரதி, அதுக்கு வூட்ல எத்தினி முட்டை வெக்கிறீங்க?”

கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்புக்கரசிக்கு ஞாயிற்றுக்கிழமை வறுத்த மீன் ஞாபகம் வந்தது. புருஷன் ராஜமாணிக்கத்துக்கு இரண்டு துண்டு, மகனுக்கு இரண்டு துண்டு. பாரதி குழம்பு போதும் என்று எழுந்துவிட்டாள்.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மேல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.