ஒரு சாண் தூரத்தில் அக்கா

முதலாம் வருடம் பொறியியல் படித்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவளை வீட்டுச் சாமான் எதன் பக்கமும் அண்டவிடக் கூடாது. நான் அப்படி வந்தவள் என்பதால் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போதுதான் கம்பியில்லாத வீட்டுப் போன் வந்திருந்தது. கூரைக்கு மேலே அன்டெனா, காதுக்குள்ளே கரகரப்பு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காவுக்கு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம் பேச அனுமதி. அன்றைக்கு அம்மா கொழுந்தெடுக்கப் போகமாட்டார்.

"இன்னொரு அன்டெனா சேர்த்தா ரெண்டு மடங்கு சிக்னல்மா" என்றேன். (ரெண்டு கூடைக் கொழுந்தை ஒன்றாகக் கொட்டினால் எடை கூடுமில்லையா? என் படிப்பு அவ்வளவுதான்.) பக்கத்து லயத்து வரிசை வீடொன்றில் சும்மா கிடந்த ஒன்றை வாங்கிவந்து, இரண்டையும் இறக்கி முற்றத்தில் மூங்கில் கழிகளில் கட்டி, வயர்களை முறுக்கி ஒட்டினேன். தனித்தனியே உயிரோடு இருந்தவை, சேர்ந்ததும் செத்துப்போயின. போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. பத்தாக ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"அடிப்பாவி, எம்புள்ள இப்ப கூப்புடுவாளே!" அம்மா ஒரு கழியைப் பிடுங்கி அப்படியும் இப்படியும் நகர்த்தினார்.

உள்ளேயிருந்து அப்பா கத்தினார். "ஒன்னு வந்துருச்சு! ஐயோ, போச்சு! இன்னுங் கொஞ்சம்... மூனு! நாலு! அங்கனயே நில்லுங்க!"

அம்மா ஒரு சாண்தான் நகர்ந்திருந்தார். இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒரு சாண் தள்ளினால் கைகோர்த்துக்கொள்ளும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அது உண்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணி அடித்தது. அம்மா கழியை விட்டுவிட்டு ஓட, அப்பாவின் "ஹலோ" பாதியில் அறுந்தது.

"நீ புடிடீ! அசைஞ்ச, கொன்னுருவேன்!"

பிடித்தேன். மறுபடி மணி அடித்தது. மழை தொடங்கியது. காலில் அட்டை ஏறியது, குனியவில்லை. ஜன்னல் வழியாக, ஸ்பீக்கரில் அக்காவின் குரல், பக்கத்து அறையில் இருப்பவளைப் போல. "அம்மா, சாப்ட்டீங்களா?" நான் மழையில் நின்று அழுதேன். அவ்வளவு தூரத்துக் குரல் என் கைக்குள் இருந்த மூங்கில் கழி வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது எனக்கு அன்டெனா வடிவமைக்கிற வேலை. போன தீபாவளிக்கு வீட்டில் விளக்கினேன். ஒரே பலகையில் நிறையக் குட்டி அன்டெனாக்கள், பேசுகிறவர் எங்கே போனாலும் அந்தப் பக்கம் தாங்களாகவே திரும்பிக்கொள்ளும் என்று. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதெல்லாஞ் சரி. மழை பேஞ்சா யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறது?"

நான் பதில் சொல்வதற்குள், குவைத்திலிருந்து எப்போதோ திரும்பிவிட்ட அக்கா எழுந்துபோய் ஒரு குடையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.