மிஸ்ஸிங்

பஞ்சுவுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். பொறாமை வந்தால் காது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டுமே சிவந்துவிட்டன.

மாட்டுங்கா ஃப்ளாட்டின் பால்கனியில் அவர் மனைவி சாதனா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப மிஸ்ஸிங், சங்கர். காலம்பற எழுந்ததுலேர்ந்து ஒரே நடுக்கம். உங்க கை பட்டாத்தான் சரியாகும். நாளைக்கு அவசியம் வாங்கோ.”

சங்கர் என்றால் மாடி வீட்டு சங்கரநாராயணன். அணுசக்தி நகர் ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர். தலை நிறைய முடி வேறு. பஞ்சுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

“யாருக்கு மிஸ்ஸிங்?”

“காருக்குன்னா. வேற யாருக்கு?”

கார் அவள் அப்பாவுடையது. இன்ஜெக்‌ஷன் இன்ஜின் புதுசாக வந்த காலத்தில் வாங்கி, ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் விட்டு விட்டு அடித்து மலேரியா ஜுரம் மாதிரி உதறுகிறது; மெக்கானிக் பாஷையில் மிஸ்ஸிங். திங்கட்கிழமை பழைய இரும்புக்கார இஜாஸ் பாயிடம் தள்ளிவிடுவதாகப் பஞ்சு பேசி முடித்திருந்தார். சாதனா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவர் மசியவில்லை.

“தூக்கிப் போடற வண்டிக்கு சங்கர் எதுக்கு?”

“போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நன்னா ஓடட்டுமேன்னுதான். அவர் கெட்டிக்காரர். தொட்டாலே போறும்.”

“நான் தொட்டா ஓடாதோ?”

“நீங்களா? பானெட் எந்தப் பக்கம் திறக்கும், சொல்லுங்கோ பாப்போம்.”

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாகப் பஞ்சு பானெட்டுக்குள் தலையை விட்டார். போனில் ஒரு ஹிந்தி வீடியோ வழிகாட்டியது. பிளக்கை மாற்றினார். உதறியது. ஏர் ஃபில்டரைத் தட்டினார். தும்மினார். வண்டி உதறியது. கடைசியில் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் கழன்று தொங்குவது கண்ணில் பட்டது. அந்த ஓட்டை வழியாக, கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அழைக்காத ஆசாமி உள்ளே வந்து போனால் ஒரு குடித்தனம் எப்படி ஆட்டம் காணும் என்று பஞ்சுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓங்கி அழுத்தி மாட்டினார்.

இன்ஜின் சீராக ஓடியது. வண்டியை விற்கப் போவதில்லை என்று அங்கேயே நின்று இஜாஸ் பாய்க்கு போன் போட்டார்.

“காடி நஹி பேச்னா. கேன்சல்.”

பிறகு பால்கனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “இனிமே இந்த வண்டி மேல வேற ஒருத்தன் கை படப்படாது. நான் இருக்கற வரைக்கும் இது இங்கதான் நிக்கும்.”

“உங்க இஷ்டம்னா,” என்றாள் சாதனா, மிகவும் அடக்கமாக.

கேட்டில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து சங்கரநாராயணன் இறங்கினார். கண்ணெல்லாம் தூக்கம்.

“உங்களுக்கு வேலை இல்லை சார்,” என்றார் பஞ்சு. “குழாய் கழண்டிருந்தது. மாட்டிட்டேன்.”

“மறுபடியுமா? போன வாரமே நான் க்ளிப் போட்டு மாட்டினேனே. தானா கழலாதே.”

“அப்போ நேத்து சாயங்காலம் போன்ல என் வைஃப் கிட்ட என்ன சொன்னேள்?”

“நேத்தா? நான் டியூட்டில இருந்தேன் சார். போனை உள்ளே விடமாட்டா. அது வீட்டுல அணைஞ்சு கிடக்கு.”

பஞ்சு இரண்டிரண்டு படியாக ஏறினார். சாதனா கிச்சனில் விரல் நகத்திலிருந்த இன்ஜின் கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“ஏன்னா, கீஸர்ல வெந்நீர் வரலை. சங்கரைக் கூப்பிடட்டுமா?”

பஞ்சு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார்.