ஊதினால் பச்சை

மாமியார் பெட்டியோடு வந்து இறங்குவதற்குள் தன்னை உத்தமன் என்று நிரூபித்துவிடுவதாக மூலக்குளம் கமலக்கண்ணன் சபதம் எடுத்துக்கொண்டார். உத்தமனாவது வேறு, நிரூபிப்பது வேறு. இரண்டாவதுதான் சுலபம் என்று அவருக்குத் தோன்றியது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தடுக்கி விழுந்தால் ஒயின்ஷாப். கமலக்கண்ணனுக்கு அடிக்கடி தடுக்கியது. ஆனால் பொங்கலன்றே மனைவி சுமலதாவின் தலையில் கை வைத்து, "விட்டுட்டேன் சுமா" என்று சத்தியம் செய்திருந்தார்.

சுமலதாவுக்கு சைனஸ். அவள் மூக்கு பாதி நாள் லீவில் இருக்கும். அதனால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாலும் காதாலும்தான் விசாரணை. செருப்பை ஜோடியாக விடுகிறாரா, தண்ணீர்ச் சொம்பைச் சிந்தாமல் பிடிக்கிறாரா என்று கதவோரம் நின்று பார்ப்பாள். அப்புறம் வாய்மொழித் தேர்வு.

"ஏங்க, முதலியார்பேட்டை ரயில்வே கேட்டுன்னு வேகமா சொல்லுங்க."

"எதுக்குடி?"

"சும்மாதான். கேக்கணும் போல இருக்கு."

ஒருநாள் அந்த கேட்டு அவர் வாயில் கொஞ்சம் கோணலாகத் திறந்துவிட்டது. சுமலதா அழவில்லை, கத்தவில்லை.

"இனிமே சந்தேகம்னு வந்துச்சுன்னா, கோச்சிக்கிட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போவமாட்டேன்."

"நல்லது."

"எங்கம்மாவ இங்க கூட்டியாந்துடுவேன்."

மாமியார் செல்வாம்பாளுக்கு சைனஸ் கிடையாது. கமலக்கண்ணனுக்கு அன்று தூக்கமும் கிடையாது.

கம்பெனியில் ஓர் இளம் இன்ஜினீயர், மைக்ரோகண்ட்ரோலர் என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அதோடு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கலர் ஸ்கிரீன். கமலக்கண்ணனும் சென்னைக்குப் போகிற ஆளிடம் சொல்லி அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிவிட்டார். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்தபடி முதலில் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு வரவழைத்தார். பிறகு பச்சை. பிறகு ஒரு வட்டம். வட்டத்துக்குள் கண் இரண்டு, வாய் ஒன்று. வாய் சிரித்தபோது அவருக்கே கண் கலங்கியது.

"என்னங்க பண்றீங்க உள்ளாரயே?" என்றாள் சுமலதா.

"புரோகிராம் போடுறேன்!"

பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கிரி. எந்நேரமும் சரக்கில் ஊறி ஈரமாகவே இருக்கிற மனிதர்.

"புரோகிராமா? எந்தக் கடையில தம்பி? நானும் வர்றேன்."

"ஐயோ அண்ணே, இது கம்ப்யூட்டர் புரோகிராம்."

தலை ஏமாற்றத்தோடு இறங்கியது.

மூச்சில் சரக்கு வாடையைக் கண்டுபிடிக்கிற சென்சார் ஒன்றையும் வாங்கி மாட்டி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கினார். குடித்தவன் ஊதினால் சிவப்பு முகம் முறைக்கும். குடிக்காதவன் ஊதினால் பச்சை முகம் சிரிக்கும். அவர் ஊதிப் பார்த்தார். சொந்தக் கையால் செய்த முகம் அவரையே பார்த்து முறைத்தது.

படத்தில் வேண்டாத இடத்தை வெட்டுவதும் சென்சார்தானே, சிவப்பையே வெட்டிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் சுமலதா லேசுப்பட்டவளா? வேறு யாரையாவது ஊதவிட்டுப் பார்ப்பாள். அதனால் டப்பாவின் அடியில், ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு ரகசியப் பட்டன் வைத்தார். கட்டைவிரலால் அமுக்கினால் போதும், சாராயப் பீப்பாயே வந்து ஊதினாலும் பச்சைதான். கேள்வித்தாளும் நாமே, திருத்துவதும் நாமே!

"மிஷின் பொய் சொல்லாது சுமா. தெனமும் சாயந்தரம் இதுல ஊதிக் காட்டுறேன். அதுக்கப்புறம் சந்தேகப்படக் கூடாது."

"நீங்களே செஞ்சி, நீங்களே புடிச்சி, நீங்களே ஊதுவீங்களா?"

"ஆமா."

"ம்."

அந்த 'ம்' அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் நினைத்தபடியே அவள் முதலில் பக்கிரியைத்தான் கூப்பிட்டாள். கமலக்கண்ணன் டப்பாவைப் பிடிக்க, பக்கிரி ஊதினார். சிவப்பு. அவளே ஊதினாள். பச்சை. கடைசியாக, கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கமலக்கண்ணன் ஊதினார். பளிச்சென்று பச்சை. சுமலதா ஸ்கிரீனைப் பார்த்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"சின்ன ஸ்கிரீனா இருந்தாலும் படம் நல்லாத்தான் காட்டுறீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பின் தினமும் பச்சைதான். சுமலதா செருப்பைப் பார்ப்பதில்லை. ரயில்வே கேட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு முறை வஞ்சிர மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டை அவர் தட்டில் போட்டாள். கமலக்கண்ணன் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு அன்பு எதற்கு? டப்பாவைத் திறந்திருப்பாளோ? திருகாணிகளின் மேல் மையால் கோடு போட்டு வைத்துப் பார்த்தார். கோடு கலையவில்லை. போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். இவர் தலையைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவாள்.

"அம்மாகிட்ட என்ன பேசுன?"

"கொத்தமல்லித் தொவையல் பத்தி."

"அதுக்கு எதுக்குக் குசுகுசுன்னு?"

"ஏங்க, இப்ப எல்லாம் நீங்கதான் ரொம்ப சந்தேகப்படுறீங்க."

அக்டோபர் இரண்டு வந்தது. காந்தி ஜெயந்தி. கம்பெனிக்கு லீவு. ஊரில் ஒயின்ஷாப்புகளுக்கும் லீவு. கமலக்கண்ணன் காலையிலிருந்து எலுமிச்சம்பழ ஜூஸைக் குடித்துவிட்டு, தியாகி மாதிரி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பொழுது சாய்ந்ததும் சுமலதாவே டப்பாவோடு வந்தாள்.

"இன்னைக்கு டெஸ்ட் இல்லையா?"

"ஏன் இல்ல? கொண்டா!"

"தெனமும் நீங்கதான புடிக்கிறீங்க. இன்னைக்கு நான் புடிச்சிக்கட்டுமா?"

வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு மூச்சே நின்றிருக்கும். இன்று கலப்படமில்லாத மூச்சு, பட்டனும் தேவையில்லை. "தாராளமா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவள் இரண்டு கையாலும் டப்பாவைப் பொத்திப் பிடித்தாள். ஊதினார்.

சிவப்பு.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினார். அதே சிவப்பு, அதே முறைப்பு.

"நான் குடிக்கல சுமா!"

"மிஷின் பொய் சொல்லாதுங்க."

"இது பொய் சொல்லுது!"

"அப்ப இத்தன நாளா பச்ச காட்டுனதும் பொய்யா?"

"அதெல்லாம் நெசம்."

"அப்ப இதுவும் நெசம். எங்கம்மாவுக்குப் போன் போடுறேன்."

ஜோடிக்காத ஒரே ஒரு நாளில் பிடிபடுவதா! கமலக்கண்ணனுக்கு அந்த அநியாயம் தாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார்.

"அடியே, காந்தி ஜெயந்திடி! கடையே இல்லடி! தெனமும் குடிச்சிட்டு வந்து பட்டன அமுக்குனா பச்சன்னு இளிக்கிற சனியன், ஒரு சொட்டு தொடாத அன்னைக்கு என்னப் பாத்து மொறைக்குது! இது எந்த ஊரு நியாயம்?"

சுவருக்கு மேலே தெரிந்த பக்கிரியின் தலை, நமக்கேன் வம்பு என்று மெல்ல இறங்கியது.

சுமலதா டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்தாள். கமகமவென்று யூடிகோலன் சென்ட் வாசம் கமலக்கண்ணனின் மூக்கில் ஏறியது.

"கடை லீவுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க குடிச்சிருக்கவே முடியாத நாளாப் பாத்துத்தான் ஸ்பிரிட்டு கலந்த சென்ட்டக் கையில தடவிக்கிட்டேன்" என்றவள், அவர் அருகில் வந்து ஆசையாகக் கேட்டாள்:

"ஆமா, பட்டன்னு என்னமோ சொன்னீங்களே... அது எங்க இருக்கு?"