கட்டடம் இல்லாத அறுபத்திரண்டு தாள்கள்

கட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும், இடிக்கிறவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராமல், வெறும் நிலத்தின் நடுவே அளவுநாடாவோடு நின்று, கண்ணைச் சுருக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரையும் எங்காவது கண்டிருப்பீர்கள். அவர்தான் இடத்தை ஆராய்கிறவர். படித்தவர், பண்பானவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அவரிடம் ஒரே தொல்லை: ஆராய்வதை நிறுத்த மாட்டார்.

நம்மவர் கட்டட வடிவமைப்பாளர், ஐம்பத்தைந்து வயது. நகரத்தின் ஓரத்தில், பேருந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிய வகுப்பறைகள் வரைய ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே தகரக் கொட்டகையில், நடுவே இரண்டு அலமாரிகளைத் தடுப்பாக நிறுத்தி நடக்கின்றன. இந்தப் பக்கம் கணக்கு என்றால் அந்தப் பக்கம் பாட்டு. மழை பெய்தால் இரண்டு பக்கமும் விடுமுறை. கட்டடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆனால் எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் கல்வி அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்த ஒப்புதல் வரிசையில் அடுத்து நிற்கும் பள்ளிக்குப் போய்விடும். தலைமையாசிரியை இதை நான்கு முறை சொன்னார். இவரும் நான்கு முறை தலையாட்டினார்.

"எட்டு வாரம் இருக்கே மேடம். முதல்ல அந்த இடம் என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

இடம் வாய் திறந்து பேசுமா என்று இவரிடம் கேட்டுவிடாதீர்கள். அரை நாள் போய்விடும்.

ஞாயிறுதோறும் போனார். மற்ற நாளில் போனால் பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள், அளவு கெட்டுவிடும் என்பது இவர் கணக்கு. பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் இல்லாமல் ஆராய வேண்டும் என்று தோன்றுவதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும், யோசித்துப் பாருங்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு, மரம் மரமாகச் சுற்றளவு எடுத்து, குச்சியில் நாடா கட்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்கி, வெயிலுக்கு மஞ்சள், காற்றுக்கு நீலம், சத்தத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டித் தாள்மேல் தாளாக அடுக்கினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கதவுப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் விடுமுறை. அந்த மூலையில் 'மிகுந்த அமைதி' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி காலமாகிப் பதினான்கு மாதமாகிறது. அவருடைய தையல் இயந்திரம் கூடத்துச் சன்னலோரம் அப்படியே நிற்கிறது. அதை உள்ளறைக்கு மாற்றுவதா என்று முடிவெடுக்க இவர் கூடத்தை மூன்று முறையும் உள்ளறையை ஐந்து முறையும் அளந்துவிட்டார். பார்க்க வந்த மகள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இன்னும் எத்தனை தடவைப்பா அளப்பீங்க?"

"உள்ள வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்மா."

"அம்மா அளந்தா போட்டாங்க?"

இவர் நாடாவைத் தேடிக்கொண்டு போனார். அளந்துகொண்டிருக்கும்வரை எதுவும் நகராது. அதில் ஒரு வசதி இருக்கிறது.

எட்டாவது வாரம் புதன்கிழமை தலைமையாசிரியை பொறுமை இழந்து இவரைப் பள்ளிக்கே வரவழைத்தார். வேலை நாளில் இவர் அங்கே கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. கொட்டகை வாசலில் கிடந்த மேசையில் அறுபத்திரண்டு தாள்களையும் பரப்பினார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். கட்டடம் எதுல இருக்கு?"

அது அடுத்த கட்டம் என்று விளக்கிய நம்மவர், கைவசம் இருந்த ஒரே முடிவைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். நாற்பத்தொன்றாம் தாள். வாசலிலிருந்து பட்டறை மூலைவரை மைதானத்தின் குறுக்கே புல் தேய்ந்து ஒரு தடம் ஓடுகிறது. மக்கள் இயல்பாக நடக்கும் வழி அது. முதன்மை நடைவழியை அதன்மேல் அமைத்து, முடிவில் அந்த அமைதியான மூலையில் ஒன்றாம் வகுப்பை வைக்கலாம்.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடமா? இது நீங்க நடந்து நடந்து விழுந்ததுங்க சார். ஞாயித்துக்கிழமை இங்க வேற யாரு வர்றா?"

மதிலுக்கு அப்பால் பட்டறை இரும்பை அறுக்கத் தொடங்கியது. யாரும் யாரிடமும் எதுவும் பேச முடியவில்லை. சத்தம் ஓய்ந்ததும் முதலில் சிரித்தவர் நம்மவர்தான். தன் காலடியைத் தானே கண்டுபிடித்து, அதற்குப் படமும் வரைந்தவர் வேறு என்ன செய்வார்?

இடைவேளை மணி அடித்தது. இருநூறு பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். அந்தத் தடத்தில் ஒரு பிள்ளைகூடக் கால் வைக்கவில்லை. எல்லாரும் மேற்கு மதில் நிழலை ஒட்டிக் குழாயடிக்கு ஓடினார்கள். மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று ஆயாவிடம் கேட்டார். அவர் துடைப்பத்தால் காட்டினார். எட்டு வாரத்துக் கேள்வி, ஒரு நிமிடத்துப் பதில். நம்மவர் நாற்பத்தொன்றாம் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முதல் கோட்டை இழுத்தார். தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார், எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு இருவரும் கல்வி அலுவலகத்தில் நின்றார்கள். எழுத்தர் வரைபடத்தைப் பார்த்து முத்திரையைக் கையில் எடுத்தார், பிறகு நிறுத்தினார்.

"இடத்தைப் பத்தி ஒரு தாள் இணைக்கணுமே. ஒண்ணு போதும்."

ஒன்றா? நம்மவர் கட்டைப் பிரித்தார். வெயிலா, காற்றா, மண்ணா? மூன்று தாள்களை மேசையில் வைத்து, தலையைச் சாய்த்து, எது பொருத்தம் என்று ஆராயத் தொடங்கினார். வரைபடம் வாங்குவது நான்கு மணிவரைதான்; சுவர்க் கடிகாரம் நான்கை நெருங்கியது. தலைமையாசிரியை கைக்குக் கிடைத்த தாளை உருவி எழுத்தரிடம் நீட்டினார். முத்திரை விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்களும் எதையோ ஒன்றை, ஒரு கடிதத்துக்கான பதிலையோ, ஒருவர் விட்டுப்போன அறையையோ, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தொடலாம் என்று வைத்திருக்கிறீர்களா? உடனே சொல்ல முடியாது, யோசிக்க வேண்டும் என்கிறீர்களா?

வாருங்கள், பங்காளி.