உறையில் போட்டு ஒட்டிய படிவம்

அன்புள்ள தம்பி சின்னவனுக்கு,

பெரியவன் எழுதுவது. இங்கே நான் சுகம், அங்கே உன் சுகம் எப்படி என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் சுகமாக இருந்திருந்தால் நாலு வருஷம் கழித்து உனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது. அதனால் முறையைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். உன் சம்சாரமும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அதை மட்டும் மனசார எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு போன் வரலாம். என் பெயரைச் சொல்லி, "நீங்க அவரோட தம்பிதானே?" என்று கேட்பார்கள். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடு. இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் உன்னோடு பேசினதாக ஆகிவிடும். எழுதினது பேசினதில் சேராது. தபாலாபீஸில் முப்பத்தாறு வருஷம் ஊர்வாரியாகத் தபால் பிரித்துப் போட்டவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

எனக்கு ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். எந்த இடத்தில் என்று நீயே புரிந்துகொள், எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்று போனால், முதலில் ஆறு பக்கத்துக்கு ஒரு படிவத்தை நீட்டினார்கள். பெயர், வயது கேட்டார்கள், எழுதினேன். அப்புறம் ஆரம்பித்தது பார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், மலச்சிக்கல் உண்டா, யாரோடு வசிக்கிறீர்கள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனசு சோர்ந்திருந்தது... அடேயப்பா, உன் அண்ணிகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை! ஆனாலும் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, ஓர் உறை வாங்கி, உள்ளே வைத்து, கோந்து போட்டு ஒட்டி, மேலே 'அந்தரங்கம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தேன். என் காலத்தில் தபால் கார்டு கைக்கு வந்தால்கூட முகவரிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன், மறுபக்கம் திருப்ப மாட்டேன். அந்த மரியாதை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பினது என் முட்டாள்தனம்.

ரிசப்ஷன் பெண் உறையைச் சர்ரென்று கிழித்தாள். "ஐயா, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். உங்க கையெழுத்துப் புரியல. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க" என்றாள். எங்கள் நடுவில் ஒரு கண்ணாடி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்டால் கூடத்தில் காத்திருக்கும் நாற்பது பேருக்கும் கேட்கும். "ராத்திரி எத்தன தடவ போவீங்க?" "நாலு." "சத்தமா!" "நாலு!" பின்னால் லாரி ஓட்டுகிறவர் ஒருத்தர், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், "எனக்கு அஞ்சுங்க பெரியவரே, கவலப்படாதீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

"யாரோட இருக்கீங்கங்கற எடத்துல ரேடியோன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். ஆமாம், வேறு யார் இருக்கிறார்கள் எழுத? "கல்யாணம் ஆனவர்னு டிக் போட்டிருக்கீங்க, வீட்டம்மா பேரு இல்லையே?" என்றாள். அவள் போய் ஏழு வருஷம் ஆச்சும்மா என்றேன். "அப்ப அடுத்த கட்டத்துல போடணும்யா" என்று பேனாவால் என் டிக்கை அடித்துவிட்டாள். அடிக்கும்போது அந்தப் பெண்ணுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, எனக்குக் கல்யாணம் ஆனது ஆனதுதானே? அதை எப்படி அடிக்கிறது?

அடுத்ததாக, படிவத்தில் இல்லாத கேள்வியாக, "கட்டுப் பல்லு உண்டா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். காரணம் உனக்கே தெரியும். நாலு வருஷம் முந்தி அந்தக் கல்யாணப் பந்தியில், "அண்ணனுக்குக் கடிக்கறதுக்குக் கஷ்டமானதெல்லாம் வைக்காதீங்க, அவருக்கு முழு செட்டும் கட்டுப் பல்லு!" என்று கத்தினாயே. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தி மொத்தமும் என் வாயையே பார்த்ததே! பல் கட்டப் போனபோது உன் ஒருத்தனை மட்டும் நம்பித்தானேடா கூட்டிக்கொண்டு போனேன்!

கடைசியில், "அவசரம்னா யாருக்கு போன் பண்ணணும்?" என்றாள். அதுவரை சலசலவென்று இருந்த கூடம் கப்பென்று அடங்கிவிட்டது. உன் நம்பரைச் சொன்னேன். "யாரு?" தம்பி. "கூடவே இருப்பாரா?" பேசறதில்லம்மா. "பேசாதவர் நம்பர எதுக்குய்யா தர்றீங்க?" என்றாள். மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான், என் நம்பரே எனக்குத் தெரியாது என்றேன். யாரோ ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. படிவத்தைப் பிடுங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் உன் நம்பர் அதற்குள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அதற்காகத்தான் இந்த எச்சரிக்கை.

ஆகவே, நீ வர வேண்டாம். பதிலும் போட வேண்டாம். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஹெர்னியாவும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டையும் நானே பார்த்துக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் முத்தங்கள். நீ நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு வார்த்தை. இன்று காலை வலி தாங்கவில்லை. படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், பல் விஷயத்தையும் திருத்திவிட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன். கடிதம் செவ்வாய்க்குள் உன் கைக்கு வந்துவிடும், என் கணக்குத் தப்பாது. உள்ளே கொண்டுபோவதற்கு முன் பல்லைக் கழற்றிச் சொந்தக்காரர் கையில் கொடுக்கணுமாம். நர்ஸ் காதோடு காதாகத்தான் சொன்னாள், நல்ல பெண். நான் பல்லில்லாமல் இருந்ததைப் பார்த்தவன் இப்போது நீ ஒருத்தன்தான். காலை ஏழு மணிக்கு வந்துவிடு. மூடி போட்ட டப்பா ஒன்று கொண்டு வா. கண்ணாடி டப்பா வேண்டாம்.